அப்பா போட்ட ஜோடி

அத்தியாயம் 14

போன வாரம், துணிக்கடை வாசலில் வாக்குறுதி கொடுத்துவிட்டு நின்ற தும்பியை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். "வாரத்துல உங்களுக்குன்னு இருக்கிற அந்த ஒரு நாளை யாரையும் தொட விடமாட்டேன்" என்று அவள் சொன்னதும், நாளெல்லாம் நின்றபடியே துணி அளந்து கொடுக்கும் அந்தப் பெண்கள் கைதட்டியதும் நினைவிருக்கும். முழங்கால் வலி என்று சொல்லி அப்பா தேர்தல் நேரத்தில் திடீரென்று ஒதுங்கிக்கொண்டதும், அண்ணன்தான் நிற்பான் என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்க, மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் சோதித்துக்கொண்டிருந்த தும்பியைக் கொண்டுபோய் நிறுத்தியதும்கூட மறந்திருக்காது.

அந்த வாக்குறுதிக்கு விலை கேட்கும் நாள் இன்று.

கடைகளை வாரம் முழுக்கத் திறந்து வைக்கலாம் என்பது ஆளும் சீர்திருத்தக் கட்சியின் மசோதா. காலங்காலமாக இருந்துவரும் வார விடுமுறையில் கை வைக்காதே என்பது தும்பியின் மரபுக் கட்சி. சபையில் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமம். சாயங்காலம் ஓட்டெடுப்பு.

தும்பி காலையிலேயே குளித்து, இஸ்திரி போட்ட உடை உடுத்தி, சாப்பாட்டு மேஜைக்கு வந்தாள். வாய்க்குள் தன் பேச்சை ஓட்டிப் பார்த்துக்கொண்டே ரொட்டியை எடுத்தாள்.

அப்பா தன் ரொட்டியில் வெண்ணெயை ஓரம் விடாமல் தடவிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்.

"நீ இன்னிக்கு ஓட்டுப் போட வேண்டாம்."

தும்பி சிரித்தாள். அப்பா கிண்டல் பேசுகிற நேரம்தான் அது.

"நிஜமாத்தான் சொல்றேன். தாடிக்கு இன்னிக்கு ஆபரேஷன். ஜோடி கொடுத்துட்டேன். கொறடாகிட்டயும் நேத்தே சொல்லியாச்சு."

ஜோடி என்றால் என்னவென்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு கட்சி உறுப்பினருக்கு உடம்பு சரியில்லை, வீட்டில் துக்கம், ஏதோ ஒன்று, சபைக்கு வர முடியவில்லை என்றால், எதிர்க் கட்சியில் ஒருவர் "சரி, நானும் வரவில்லை" என்று தன் ஓட்டையும் நிறுத்திக்கொள்வார். கணக்கு நேராகிவிடும். எந்தச் சட்டத்திலும் எழுதப்படாத ஏற்பாடு. கையெழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. வாய்வார்த்தைதான். அப்பாவும் சீர்திருத்தக் கட்சித் தாடிக்காரரும் இருபத்தைந்து வருஷமாக ஒருவருக்கொருவர் இப்படி ஜோடி. மேடையில் ஒருவரை ஒருவர் கிழித்துத் தொங்கப் போடுவார்கள். ஜோடியை மட்டும் இரண்டு பேரும் ஒருநாளும் உடைத்ததில்லை.

"என்னைவிட உங்கப்பாவுக்குப் பொருத்தமான ஜோடி அந்தத் தாடிதான்" என்பது அம்மாவின் பழைய நகைச்சுவை. இன்று அம்மா அதைச் சொல்லவில்லை. சமையலறைக் குழாயைத் திறந்து, கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவ ஆரம்பித்தாள்.

"யாரைக் கேட்டுப்பா கொடுத்தீங்க?" என்றாள் தும்பி.

"யாரைக் கேக்கணும்?"

கேட்டுவிட்டு அப்பா நிமிர்ந்தார். மகளைப் பார்த்தார். பிறகு ரொட்டியைப் பார்த்தார். கத்தியைத் தட்டின் ஓரமாக மெல்ல வைத்தார்.

மெம்பர் இப்போது அவரில்லை, அவள். இது அவருக்குத் தெரியாதா என்ன? அவர்தானே வீடுவீடாக ஏறி இறங்கி அவளுக்கு ஓட்டுக் கேட்டார்! தெரிந்தே, "என் பேச்சை என் மகள் மீறமாட்டாள்" என்ற உரிமையில் கொடுத்தாரா? இல்லை, அந்தச் சின்னக் கணத்தில் அவர் முகத்தில் வந்துபோனது வேறு ஏதாவதா? தும்பிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"சொன்ன சொல்லு சொன்னதுதான்" என்று எழுந்தார் அப்பா. "நம்ம வீட்டு ஜோடி இதுவரைக்கும் உடைஞ்சதில்லை."

முழங்கால் வலிக்காரர் மாடிப்படியில் விறுவிறுவென்று ஏறிப்போனார்.

காரில் அண்ணன்தான் ஓட்டினான். தொகுதி அலுவலகத்தையும் அவன்தான் பார்த்துக்கொள்கிறான். கிடைக்காமல் போன நாற்காலியின் கசப்பைக் கேலியாக்கித் தங்கை மேல் தெளிப்பது அவனுக்கு அன்றாட வேலை.

"மாண்புமிகு ஏன் உம்முன்னு வர்றாங்க?"

விஷயத்தைச் சொன்னாள். அண்ணன் சிக்னலில் நிறுத்தியவன், பச்சை விழுந்தும் எடுக்கவில்லை. பின்னாலிருந்து ஹாரன்கள் கத்தின.

"நீ போய் ஓட்டுப் போடு" என்றான் கடைசியில், வண்டியை நகர்த்தி. "அவரு மெம்பர் இல்லை. அவரு கொடுத்த ஜோடி செல்லாது."

"செல்லாதுன்னு நீயும் நானும் சொல்லிக்கலாம். தாடி மாமா நம்பிப் படுத்துட்டாரே."

"அப்ப போடாதே."

"துணிக்கடைப் பொண்ணுங்க இன்னிக்கு பார்வையாளர் மாடத்துல வந்து உக்காரப்போறாங்கண்ணா. லீவு போட்டுட்டு வர்றாங்க. நான் கை தூக்குறதைப் பாக்க."

"அப்ப போடு."

"உன்கிட்ட போய்க் கேட்டேன் பாரு!"

"எனக்கு மட்டும் என்ன தெரியும்?" அண்ணன் குரல் சட்டென்று கிண்டலை விட்டு இறங்கியது. "தும்பி, அப்பா போன வாரம் கட்சிக் கூட்டத்துல அவரோட பழைய படகுக் கதையைச் சொன்னாரே..."

"நல்லா சிரிச்சாங்களே."

"அதே கூட்டத்துல ரெண்டு தடவை சொன்னாரு. ரெண்டாவது தடவையும் சிரிச்சாங்க. மரியாதைக்கு."

அதற்கு மேல் அவன் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டால் அடுத்த வாக்கியம் வந்துவிடுமோ என்று இரண்டு பேருக்கும் பயம்.

கொறடாவின் அறை, சபைக் கட்டடத்தில் எல்லோருக்கும் முதுகு காட்டி இருக்கும் அறை. மரபுக் கட்சி உறுப்பினர்களை ஓட்டெடுப்புக்கு ஓட்டிக்கொண்டு வந்து சேர்ப்பது அவர் வேலை. கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டே பேசுவார். எந்தப் பேச்சிலும் பிடி கொடுக்காமல் இருப்பதில் அவருக்கு ஈடு அவர்தான்.

"உங்கப்பா போன் பண்ணினாரு" என்றார். "ஜோடின்னாரு. சரின்னேன்."

"அவர் இப்ப உறுப்பினர் இல்லையே சார்!"

"இல்லைதான்."

"பின்னே ஏன் சரின்னீங்க?"

"என்னம்மா பண்றது? அவர் குரலைக் கேட்டாலே என் வாய் தானா சரின்னுடும். பழக்கம். போனை வச்சப்புறம்தான், அடடான்னு தோணிச்சு." கிராம்பை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். "மறுபடி கூப்பிட்டு, நீங்க மெம்பர் இல்லைங்கன்னு அவர்கிட்ட யாரு சொல்றது? நான் மாட்டேன்."

"இப்ப நான் உள்ள வரணுமா, வேண்டாமா?"

கொறடா எழுந்து கதவைச் சாத்தினார்.

"கணக்கைச் சொல்றேன். தாடி வரலை. நீ வந்தா ஒரு ஓட்டுல மசோதா தோக்கும். நீ வரலைன்னா சமம். சமம்னா சபாநாயகர் ஓட்டு. அவர் யாரு ஆளுன்னு உனக்குத் தெரியும். மசோதா ஜெயிச்சுடும்."

"அப்ப வரணும்."

"வந்தா, மரபுக் கட்சிக்காரன் ஜோடியை உடைச்சான்னு ஆகும். பழசைக் காக்கத்தான் நாம கட்சியே வச்சிருக்கோம். வார லீவும் பழசு. ஜோடியும் பழசு. ரெண்டு பழசும் இன்னிக்குன்னு பாத்து முட்டிக்குது."

"சார், தெளிவா ஒரு வார்த்தை சொல்லுங்க."

"நான் உன்னை வரச் சொல்லலை" என்றார் கொறடா. "வராதேன்னும் சொல்லலை."

கண்ணாடிக் கடையில் ஒரு வில்லையை மாட்டி, இதில் தெளிவா, அதில் தெளிவா என்று கேட்பாள் தும்பி. சிலர் இரண்டிலும் ஒரே மாதிரிதான் தெரிகிறது என்பார்கள். அப்போதெல்லாம் அவளுக்கு எரிச்சல் வரும். அந்த வாடிக்கையாளர்கள் மேல் இப்போது முதல் தடவையாக இரக்கம் வந்தது.

தாடிக்காரர் ஒருவர்தான் பாக்கி. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவரையே கேட்டுவிடலாம் என்று கிளம்பினாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பினாயில் வாசனை. தாடிக்காரர் பச்சை நிற ஆஸ்பத்திரி உடுப்பில், கட்டிலில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். எதிராளிகளை அலறவைக்கும் அந்த மனிதரை முழங்கால் தெரிகிற உடுப்பில் பார்க்க அவளுக்குச் சங்கடமாக இருந்தது. அவருக்கு இன்னும் சங்கடம். போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

"வாம்மா தும்பி. உங்க கட்சிக்காரங்க யாராவது பாத்தா, நீ ஆளுங்கட்சிக்குத் தாவிட்டேன்னு கிளப்பிவிடுவாங்க."

"தாடி மாமா, ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். ஜோடியிலேருந்து என்னை விட்டுடுங்க. நீங்க அப்பாகிட்ட கேட்டீங்க, அவர் கொடுத்துட்டாரு. ஆனா ஓட்டு என்னோடது. நான் நிறைய பேருக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்."

தாடிக்காரர் தாடியைத் தடவுவதை நிறுத்தினார்.

"நான் எங்கேம்மா கேட்டேன்?"

"நீங்க கேக்கலையா?"

"உங்கப்பாதான் என்கிட்ட கேட்டாரு."

தும்பி பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"முந்தாநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தாரு" என்றார் அவர். "வழக்கமா உக்கார்ற நாற்காலியில உக்காந்தாரு. 'மசோதா அன்னிக்கு எனக்கு வெளியூர்ல ஒரு வேலை, சபைக்கு வர முடியாது, ஜோடி கொடு'ன்னாரு. நான் முகத்தையே பாத்துக்கிட்டிருந்தேன். சிரிப்பாரு, தொடையில தட்டுவாருன்னு. சிரிக்கவே இல்லை."

"நீங்க சொல்லியிருக்கலாமே மாமா. நீங்க இப்ப மெம்பர் இல்லை, தும்பிதானேன்னு."

"நீ இருந்திருந்தா சொல்லியிருப்பியா?"

தும்பி ஸ்டூலைக் கட்டிலுக்கு அருகே இழுத்துக்கொண்டாள்.

"எனக்கும் வரலை. சரின்னுட்டேன். கொடுத்தப்புறம் நான் வராம இருக்கணும். எங்க கொறடா சும்மா விடுவானா? ஏன் வரலைன்னு குடைவான். ரெண்டு வருஷமா இந்தக் குடலிறக்கத்துக்கு டாக்டர் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு. இன்னிக்கே வெட்டுங்கன்னு வந்து படுத்துட்டேன்." வயிற்றைத் தட்டிக் காட்டினார். "நேத்து உங்கப்பாவுக்குப் போன் பண்ணி, ஆபரேஷன்னு சொன்னேன். 'கவலைப்படாதே, உனக்கு என் ஜோடி உண்டு'ன்னாரு. யாரு கேட்டது, யாரு கொடுத்ததுங்கிறது அதுக்குள்ள இடம் மாறிப்போச்சு."

"மறந்துதான் போறாரா மாமா?"

"அதுதான் எனக்கும் பிடிபடலை. மறந்திருக்கலாம். இல்லை, பழைய நரி, மக முதல் ஓட்டுல ஜெயிக்கணும்னு என்னைப் பேசியே படுக்க வச்சிருக்கலாம். அப்படின்னா எனக்குக் கோபம்கூட வராது தும்பி. இந்த வயசுல இவ்வளவு மூளை ஓடுதேன்னு சந்தோஷம்தான்."

"ஏமாத்துறவரா இருந்தா, என்னை ஏன் ஓட்டுப் போடாதேங்கிறாரு?"

"அங்கதான் எனக்கும் இடிக்குது."

தும்பி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நான் போய் ஓட்டுப் போட்டா என்னாகும்?" என்றாள்.

"நீ போடு, போடாதேன்னு சொல்ல எனக்கு உரிமை இல்லைம்மா. உன்கிட்ட நான் எதுவும் வாங்கலை. ஆனா ஒண்ணு. உங்கப்பா ஜோடி இருக்குன்னு எங்க கொறடாகிட்ட சொல்லிட்டுத்தான் நான் வந்து படுத்தேன். நீ போட்டா, அவன் பத்திரிகைக்காரங்களைக் கூட்டிக்கிட்டு இங்கேயே வந்து நிப்பான். நான் ரெண்டுல ஒண்ணு சொல்லணும். அவர் என்னை ஏமாத்திட்டாருன்னு சொல்லணும். இல்லை, அவருக்கு நினைவு தப்புதுன்னு சொல்லணும்." போர்வையை இன்னும் மேலே இழுத்துக்கொண்டார். "எதைச் சொல்லட்டும்? நீயே சொல்லு."

நர்ஸ் தள்ளுவண்டியோடு வந்தார். ஏறிப் படுத்துக்கொண்ட தாடிக்காரர், வண்டி வாசலைத் தாண்டுமுன் தலையைத் தூக்கினார்.

"நல்லாப் பேசுறே, சபையில. உங்கப்பாவைவிட நல்லா. ஆனா கையை ரொம்ப ஆட்டாதே."

வராந்தாவில் நின்று தும்பி வீட்டுக்குப் போன் செய்தாள். அம்மா எடுத்தாள்.

"அப்பாகிட்ட கொடும்மா."

"தூங்குறாரு."

"எழுப்பு. அவசரம். அவர்தான் தாடி மாமாகிட்ட போய் ஜோடி கேட்டாராம். ஏன் கேட்டாருன்னு எனக்கு இப்பவே தெரியணும்."

மறுமுனையில் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"கேக்காதே தும்பி."

"ஏம்மா?"

"கேட்டா அவர் என்ன பதில் சொல்லுவாரோன்னு நான் ஆறு மாசமா எதையுமே கேக்காம இருக்கேன். சாப்பிட்டீங்களான்னு கேட்டா, இப்பத்தானே சாப்பிட்டேங்கிறாரு. சில நாள் நிஜமாவே சாப்பிட்டுத்தான் இருப்பாரு. நான்தான் மறந்துட்டேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுது."

"முழங்கால் வலின்னு சொன்னீங்களே எல்லாருமா சேர்ந்து!"

"முழங்காலும் வலிக்குதுதான்" என்றாள் அம்மா, பாவமாக. "டாக்டர்கிட்ட போலாம்னா வரமாட்டேங்குறாரு. போய் டாக்டர் ஏதாவது ஒரு வியாதிப் பேரைச் சொல்லிட்டா அப்புறம் அதை எடுக்க முடியாதே. நீ உனக்குச் சரின்னு பட்டதைச் செய். அவரை மட்டும் நாலு பேர் முன்னாடி நிறுத்திடாதே."

சரி என்று படுவது எது என்றுதானே தெரியவில்லை!

தும்பி திரும்பி வந்தபோது சபையில் விவாதம் சூடாக நடந்துகொண்டிருந்தது. அவள் பேச வேண்டிய நேரத்தைக் கொறடா வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார். வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். மேலே பார்வையாளர் மாடத்தில் துணிக்கடைப் பெண்கள் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மீட்டர். அளவுகோல் இல்லாமல் அவள் கையால் அளந்தாலே எல்லோரும் நம்புவதால் அந்த அம்மாவுக்குக் கடையில் அந்தப் பெயர். தும்பியைப் பார்த்ததும், பள்ளிக்கூடப் பிள்ளை போலக் கையை உயர்த்தி ஆட்டினாள்.

தும்பியும் ஆட்டினாள். ஆட்டிவிட்டு, ஏன் ஆட்டினோம் என்று நினைத்தாள்.

மணி அடிக்க ஆரம்பித்தது.

ஓட்டெடுப்பு மணி. அது அடித்து ஓய்வதற்குள் உறுப்பினர்கள் எங்கிருந்தாலும் உள்ளே வந்துவிட வேண்டும். ஓய்ந்ததும் காவலர் கதவைச் சாத்திவிடுவார். உள்ளே இருக்கும் தலைகளைத்தான் எண்ணுவார்கள்.

சிற்றுண்டி அறையிலிருந்து வாயைத் துடைத்துக்கொண்டு ஒருவர் ஓடினார். இன்னொருவர் செருப்பைச் சரியாக மாட்டாமல் இழுத்துக்கொண்டு ஓடினார். கொறடா வாசலில் நின்று ஒவ்வொருவர் முதுகிலும் தட்டித் தட்டி உள்ளே அனுப்பினார். தும்பி அருகில் வந்ததும் கையைத் தூக்கினார். தட்டவில்லை. அப்படியே இறக்கிக்கொண்டு அவரும் உள்ளே போய்விட்டார்.

உள்ளே போ என்றது மனசு. எதற்காக நின்றாய், எதற்காக ஜெயித்தாய்? ஒரே ஒரு நாள் கேட்கிறார்கள். உட்கார்ந்து காலை நீட்ட ஒரு நாள்.

அப்பா ரொட்டியைப் பார்த்த பார்வை அதற்குக் குறுக்கே வந்து நின்றது. நாலு பேர் முன்னால், மைக்குகளுக்கு நடுவே, அதே பார்வையோடு அவர் நிற்பதாக நினைத்துப் பார்த்தாள். 'உங்களுக்கு ஞாபகம் இருக்கா ஐயா?' என்று ஒரு சின்னப் பையன் நிருபர் கேட்பான். அப்பா அவனையும் இப்படித்தான் பார்ப்பார்.

ஆனால் அப்பா எல்லாம் தெரிந்தே செய்திருந்தால்? அப்போது அவள் செய்வது தியாகமில்லை, முட்டாள்தனம்.

காவலர் ஒரு கதவைச் சாத்திவிட்டு மற்றொன்றில் கை வைத்தபடி அவளைப் பார்த்தார்.

"வர்றீங்களாம்மா?"

மணி ஓய்ந்தது. தும்பியின் கால் நகரவில்லை. நகரவில்லை என்பதை அவளே ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். கதவு சாத்திக்கொண்டது.

மசோதா நிறைவேறியது. இரண்டு பக்கமும் சமம். சபாநாயகர் தன் ஓட்டை எதிர்பார்த்த இடத்திலேயே போட்டார். ஆளுங்கட்சி மேஜை தட்டும் சத்தம் கதவைத் தாண்டி வந்தது.

மாடத்துப் படிகளிலிருந்து பெண்கள் இறங்கி வந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. தும்பியைக் கடந்து போகும்போது சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள், தவறு அவர்களுடையது போல. மீட்டர் மட்டும் நின்றாள்.

"உடம்பு ஏதாவது சரியில்லையாம்மா?"

"இல்லைக்கா."

"கதவு சாத்தினப்ப நீங்க வெளியதான் நின்னீங்கன்னு எங்க கடைப் பொண்ணு ஒருத்தி சொல்றா. நான் நம்பலை. இருக்காதுடீன்னேன்."

"நின்னேன்."

"ஏம்மா?"

அந்தக் கேள்வியில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பாள். இருந்தது குழப்பம் மட்டும்தான். தும்பியிடம் இருப்பதைப் போலவே.

பதில் சொல்வதற்குள் நிருபர்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஜோடி விஷயம் எப்படியோ கசிந்துவிட்டது.

"ஜோடி போட்டதாச் சொல்றாங்களே? கட்சி முடிவா?"

"உங்கப்பாதான் பேசி முடிச்சாருன்னு ஒரு பேச்சு இருக்கே? அவர் எந்த உரிமையில..."

"எங்கப்பாவுக்கு இதுல சம்பந்தம் இல்லை" என்றாள் தும்பி. "தாடி மா... ஆளுங்கட்சி உறுப்பினருக்கு உடம்பு சரியில்லை. ஜோடி கொடுத்தது நான். நானே முடிவு பண்ணினேன்."

"அப்போ கடை ஊழியர்களுக்குக் கொடுத்த வாக்குறுதி?"

"கொடுத்ததும் நான்தான். காப்பாத்தாததும் நான்தான்."

பேனாக்கள் ஓடின. விளக்குகள் கண்ணைக் குத்தின. அவற்றுக்குப் பின்னால் மீட்டரின் முகம் மெல்ல மாறுவதை அவள் பார்த்தாள். குழப்பம் அங்கிருந்து போய்விட்டது. அந்த அம்மாவுக்கு இப்போது விஷயம் தெளிவாகிவிட்டது. தவறாக, ஆனால் தெளிவாக. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். வாசல்வரை போய், மழை தூறுவதைப் பார்த்துவிட்டு மற்றவர்களோடு அங்கேயே நின்றாள்.

நிருபர்கள் கலைந்தபின் தும்பியின் போன் அடித்தது. அண்ணன்.

"நீ பேசினதை ரேடியோவுல போட்டாங்க" என்றான். மூச்சு வாங்கியது அவனுக்கு. "அப்பா கேட்டுக்கிட்டிருந்தாரு."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலை. மேல போனாரு. கோட்டு போட்டுக்கிட்டு இறங்கி வந்திருக்காரு. காரை எடு, சபைக்குப் போகணுங்கிறாரு."

"எதுக்காம்?"

"'ஜோடி என்னோடது, தும்பி ஏன் அவளோடதுன்னு சொல்றா, நான் வந்து சொல்லணும்'கிறாரு."

மகள் தலையில் பழி விழுகிறதே என்று உண்மையைச் சொல்ல வருகிற அப்பாவும் இதையேதான் சொல்வார். தான் இன்னும் மெம்பர் என்று நினைத்துக்கொண்டிருக்கிற அப்பாவும் இதையேதான் சொல்வார்.

"அண்ணா, அவரைப் பாத்தா எப்படி இருக்கு? தெளிவா இருக்காரா?"

"ரொம்பத் தெளிவா இருக்காரு. அதான் பயமா இருக்கு. கோட்டுல மெம்பர் பேட்ஜைக் குத்தியிருக்காரு தும்பி."

தூரத்தில் கார்க் கதவு திறக்கும் சத்தமும், "என்னடா நின்னுக்கிட்டு, மணி அடிச்சுடப்போறாங்க!" என்று அப்பாவின் குரலும் போனில் கேட்டன. அதட்டலா, விளையாட்டா? அந்தக் குரலில் அவளால் பிரித்தறிய முடியவில்லை.

"கூட்டிட்டு வரவா, வேண்டாமா? சீக்கிரம் சொல்லு. சாவியை என் கையிலேருந்து பிடுங்குறாரு."

அறைகளில் விளக்கை அணைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு நிருபர்கள் மட்டும் சிற்றுண்டி அறை வாசலில் காபிக் கோப்பையோடு நின்றார்கள். வெளி வாசலில் மீட்டர் மழைக்கு ஒதுங்கி நின்றுகொண்டிருந்தாள். அப்பா வந்து இறங்கினால் முதலில் அவள் கண்ணில்தான் படுவார்.

"கூட்டிட்டு வா" என்றாள் தும்பி. "நான் வாசலுக்குப் போறேன். யாருகிட்டயும் அவரை விடாதே. நேரா என்கிட்ட கொண்டுவந்து விடு."

போனை வைத்துவிட்டு, மீட்டர் நின்ற பக்கமாக நடந்தாள்.